மஞ்சள் புஷ்

கடை மேஜையில், கார் சக்கரத்து மூட்டில் அதிர்ச்சி தாங்கப் போடும் வளையமான புஷ் ரெண்டு செட் கிடந்தது. ஒன்று கறுப்பு ரப்பர். இன்னொன்று கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்த மஞ்சள். அது கல்லு மாதிரி இருந்தது.

"எதுய்யா வேணும்? வந்து எம்புட்டு நேரமாச்சு?" என்றார் ஸ்பேர்ஸ் கடை செல்லத்துரை அண்ணாச்சி.

பாலகணேஷ் ரெண்டையும் மாறி மாறி அமுக்கிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ரேஸ். கரிசல் ரோட்டில் குதித்துக் குதித்து வீட்டு மாருதி காரின் முன்சக்கரப் புஷ் எல்லாம் நைந்து போயிற்று. மஞ்சளைப் போட்டால் வளைவில் கார் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் நேரே முதுகெலும்பில் வந்து இடிக்கும்.

அங்கேதான் வம்பு. வாரத்தில் ஆறு நாள் அதே காரில்தான் அவன் அப்பா காசிராஜன் கழுகுமலை தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வருகிறார். போன மாசம் கழுகுமலைக் கோயில் படியில் வழுக்கி விழுந்தாராம். அன்றிலிருந்து வீட்டில் ஒரே இடுப்புப் புராணம்தான்.

கடை போன் அடித்தது. அப்பாவேதான்.

"ஏலே, ரப்பர் மட்டும் வாங்கு. மஞ்சளக் கிஞ்சளப் போட்டே, என் இடுப்பு ரெண்டாப் போயிரும். முடியாதுன்னா ரேசுக்குப் போகாம கெட."

"ரப்பரையே போட்டுக்கிட்டுப் போறேன். போதுமா?"

டொக்கென்று போனை வைத்தான். பெத்த பிள்ளை எக்கேடு கெட்டாலும் இந்த மனுசனுக்குத் தன் இடுப்புதான் பெருசு! ரப்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

டீக்கடையில் உட்கார்ந்தால் டீ இறங்கவில்லை. போன மாச ரேஸில், ரெண்டாவது வளைவில் கார் பம்பரமாய்ச் சுற்றிப் புல்லுக்குள் போய் நின்றதே! வீட்டில் அவன் மூச்சு விடவில்லை. கூட வந்த மெக்கானிக் சாமுவேல்ராஜிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். மறுபடி அதே வளைவு, அதே ரப்பர்.

போகாமலே இருந்துவிடலாமா? கூட்டாளிகள் சிரிப்பாய்ச் சிரிப்பார்களே.

ரொம்ப நேரம் குமைந்துவிட்டு, கடைக்கே திரும்ப ஓடினான்.

"அண்ணாச்சி, மஞ்சளே குடுத்திருங்க!"

"வித்துப் போச்சேய்யா."

"வித்துப் போச்சா? கோவில்பட்டியில என்னைத் தவிர எவன் அத வாங்குவான்?"

அண்ணாச்சி ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

இனிமேல் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டுப் பார்சல் வருவதற்குள் ரேஸே முடிந்துவிடும். சாமுவேல்ராஜின் ஷெட்டுக்குப் போனான்.

கார் ஜாக்கியில் நின்றது. சாமுவேல்ராஜ் மஞ்சள் புஷ்ஷை அமுக்கி ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி அப்பா.

"அப்பா... நீங்களா வாங்குனீங்க?"

"ரப்பர்தான்னு அடம்புடிச்சா ரேச விட்டுருவன்னு பார்த்தேன். நீ அதையும் மாட்டிக்கிட்டுப் போறேன்னு நிக்கியே, மூதி!" என்றார் அப்பா. "புல்லுக்குள்ள சுத்துனது பத்தாதாலே?"

பாலகணேஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்போ... உங்க இடுப்பு?"

"நான் பஸ்ல போயிக்கிடுதேன்."

அப்பா காலை இழுத்து இழுத்து வெளியே நடந்தார்.

"சத்தியம் பண்ணிட்டு அப்பாகிட்டப் போட்டுக் குடுத்துட்டியேடே!" என்று சாமுவேல்ராஜ் மேல் பாய்ந்தான் பாலகணேஷ்.

"நான் எங்கடே சொன்னேன்? போன ரேசன்னைக்குக் கழுகுமலைக் கோயிலுக்குன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு, உங்கப்பாவும் கோயம்புத்தூர் வந்து கூட்டத்தோட கூட்டமா நின்னுருக்காவ. 'அவன்ட்ட சொல்லிராத'ன்னு அவியளும் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ." சாமுவேல்ராஜ் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "உன் வண்டி சுத்துனதும் பதறியடிச்சி வேலியேறி உள்ள குதிச்சாவ பாரு, அதுல போனதுடே அந்த இடுப்பு."