அந்நிய நாற்காலி

அரசுப் பள்ளி நாற்காலி டெண்டரில் வெளிநாட்டுக் கம்பெனிகள் நுழையக் கூடாது என்று மாநில அரசு உத்தரவு போட்டதற்குத் தானே காரணம் என்று பட்டறை முதலாளி மார்தட்டிக்கொள்வார். உண்மையும்தான். ஊர்வலம், மனு, மைக் என்று மாதக்கணக்கில் தொண்டை கட்டும்வரை அலைந்தார். பட்டறையை மச்சான் பார்த்துக்கொண்டான். இந்த டெண்டரும் கை நழுவினால் பட்டறைக்குப் பூட்டுதான்.

இன்று அதிகாரி முன்னிலையில் நாற்காலித் தேர்வு. கூடத்தில் மாதிரி நாற்காலிகள் வரிசையாக நின்றன. பெயர் கிடையாது, எண் மட்டும். எது தன்னுடையது என்று யாராவது வாய்விட்டால் அந்த ஆள் அவுட்.

ஓரத்தில் ஒரு நாற்காலியின் கால் லேசாக ஆடியது. முதலாளிக்குப் பாசம் பொங்கியது. தன் பட்டறைக் கைவண்ணம் தனக்குத் தெரியாதா? யாரும் பார்க்காதபோது அதைத் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம்தான் நாலாம் எண் கண்ணில் பட்டது. வழவழவென்று, ஒரு ஆணித் தலைகூடத் தெரியாமல் நின்றது. அவருக்கு வயிறு எரிந்தது.

"சார், இது மோசடி! வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டாந்து உள்ளூர்ச் சரக்குன்னு வெச்சிருக்காங்க!"

மச்சான் முகம் வெளிறியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, பேசாம இருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"நீ ஏன்டா பதர்றே? போட்டிக்காரன்கிட்ட ஏதாவது வாங்கிட்டியா?"

மச்சான் வாயைத் திறந்தான். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான். சந்தேகமே இல்லை, வீட்டுக்குள்ளேயே கருங்காலி என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

அதிகாரி நாற்காலியைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"அதான் சார் சந்தேகமே! என் தலை நரைச்சது இந்தத் தொழில்லதான். நம்ம ஆளுங்களுக்கு இவ்வளவு சுத்தமா வேலை வராது. சத்தியமாச் சொல்றேன்!"

அனுபவசாலி சத்தியமே செய்கிறார். அதிகாரி நாலாம் எண்ணைத் தள்ளுபடி செய்து வெளியே தூக்கிப் போடச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த போட்டிக்காரர் ஏனோ கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

முதலாளி வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்தார்.

"இனி நான் வாய் திறக்கலாமா சார்?" என்று அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, மச்சான் அவர் காதருகே குனிந்தான்.

"மாமா, இப்ப வெளியே போனதுதான் நம்ம நாற்காலி, நீங்க தட்டிக்கொடுத்தது போட்டிக்காரரோடது."