கார்த்திகையில் வியன்னா

"அண்ணிக்கும் அண்ணனுக்கும் ஒரு ஃபாரின் டூர் போடணும். நீதான் போன்ல பார்த்து எல்லா ஏற்பாடும் பண்ணணும்" என்றாள் தேவகி.

மாமியார் சொன்னதைச் சங்கவியால் நம்ப முடியவில்லை.

"வீரம்மா பெரியம்மாவுக்கா அத்தை?"

"ஆமா. அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பி வீட்டுச் சீர் செய்யணுமில்ல. சீட்டு எடுத்த பணம் இருக்கு."

சங்கவிக்கு நெஞ்சு கசந்தது.

போன வருடம் கொழுந்தன் அருளின் கல்யாணம். புதுப்பெண் கலைப்பிரியாவுக்கு ஆரத்தி எடுக்கத் தட்டோடு நின்றாள் சங்கவி. மாமனாரின் அக்கா வீரம்மாள் அத்தனை பேர் முன்னால் அதைப் பிடுங்கினாள்.

"கல்யாணமாகி ஆறு வருசமா ஒரு புழு பூச்சி இல்ல. நல்ல காரியத்துல நீ எதுக்கு முன்னாடி வந்து நிக்கிற?"

மாமனார் தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் தூக்கி வளர்த்த அக்கா. அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. மாமியாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது கலைப்பிரியா முழுகாமல் இருக்கிறாள். வளைகாப்பு என்று யாராவது பேச்சை எடுத்தாலே, சங்கவிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

"எந்த ஊரு அத்தை?"

"படிச்சவ நீதான் சொல்லணும். ஆனா ரெண்டு ஊரு. ஒண்ணு போதாது."

சங்கவி தேடினாள். வியன்னா, புடாபெஸ்ட். இரண்டும் தலைநகரம். இங்கே அரண்மனை, அங்கே ஆற்றில் படகு. நடுவில் சின்ன ரயில் பயணம்.

"புரட்டாசியில போனா குளிர் கம்மி அத்தை."

தேவகி விரல் மடக்கி எண்ணினாள். "வேணாம். கார்த்திகை."

"எலும்பே நடுங்கும் அத்தை!"

"ஸ்வெட்டர் வாங்கிக் குடுப்போம். அப்புறம், ரத்து பண்ணினா பணம் திரும்பி வராத டிக்கெட்டா பார்த்துப் போடு."

"அப்படி யாராவது கேட்டு வாங்குவாங்களா?"

"நான் கேக்குறேன்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் திண்டிவனம் போனார்கள். வீரம்மாளின் கணவர் தாண்டவராயனுக்கு அங்கே மல்லாட்டை எனும் வேர்க்கடலை மண்டி.

"அரண்மனைக்குள்ள போக செருப்பக் கழட்டணுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

"வேணாம் பெரியப்பா."

"அப்ப போலாம்."

"சோறு கெடைக்குமா?" என்றாள் வீரம்மாள்.

"சமையல் பண்ணிக்கிற மாதிரி ரூம் பார்த்திருக்கேன் பெரியம்மா. அரிசியும் புளிக்காய்ச்சலும் எடுத்துட்டுப் போயிடலாம்."

வீரம்மாளுக்கு முகமெல்லாம் பல். "எதிர்வீட்டுக்காரி சிங்கப்பூர் போய்ட்டு வந்து தெருவையே பேஜாரு பண்ணிக்கினு கீறா. இனிமே பேசட்டும் பார்க்கலாம்!"

பிறகு சங்கவியை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாத்தான் தேடிக் கண்டுபுடிச்சிருக்கா. புள்ளையா குட்டியா, நேரம் கெடக்குது இவளுக்கு."

சங்கவி போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தேவகி சிரித்த முகத்தோடு, "காபி ஆறுது அண்ணி, குடிங்க" என்றாள்.

கிளம்பும்போது வீரம்மாள் வாசல் வரை வந்தாள். "சின்னவளுக்கு வளைகாப்பு எப்போ? மொத வளையல் நாந்தான் போடுவேன். இவள பின்னாடியே நிக்க வெய்யி."

"ஏழாம் மாசமா, ஒன்பதாம் மாசமான்னு இன்னும் பேசலை அண்ணி. நீங்க முதல்ல சந்தோசமா போய்ட்டு வாங்க."

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றது. சங்கவியால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கும் பேசலை. இன்னிக்கும் பேசலை. அவங்களுக்குச் சீர் வேற. ஏன் அத்தை?"

தேவகி ஜன்னல் வழியே வெள்ளரிப்பிஞ்சு வாங்கி அவள் மடியில் வைத்தாள்.

கார்த்திகை வந்தது. வீரம்மாள் சிவப்பு ஸ்வெட்டருக்கு மேல் மல்லிகைச் சரம் தொங்க விமானம் ஏறினாள். மறுநாள் அரண்மனை வாசலில் நிற்கிற போட்டோ வந்தது.

தேவகி அதை உற்றுப் பார்த்தாள். "வியன்னாதானே இது? நிச்சயமாத் தெரியுமா?"

"வியன்னாதான் அத்தை."

போனைக் கீழே வைத்த கையோடு குரல் கொடுத்தாள். "என்னங்க, சின்னவளுக்கு ஏழு மாசம் நடக்குது. நாளன்னிக்கு நல்ல நாள். வளைகாப்ப வெச்சிடலாம்."

மாமனார் பதறினார். "அக்கா இல்லாமயா?"

"அவங்க வர்றதுக்குள்ள எட்டு பொறந்துடும். எட்டுல செய்யலாமா? சம்பந்தி வீட்டுல ஏழுலயே அனுப்பச் சொல்லிக் கேக்குறாங்க."

மாமனார் பஞ்சாங்கத்தை எடுத்து நல்ல நேரம் பார்த்தார்.

போனிலேயே சொந்தபந்தம் கூடிவிட்டது. கலைப்பிரியா மனையில் உட்கார்ந்திருந்தாள். தட்டு நிறையக் கண்ணாடி வளையல்கள்.

"வீரம்மா ஊர்ல இல்லையே. மொத வளையல் யாரு போடறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

தேவகி தட்டை எடுத்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். சங்கவியைக் கைபிடித்து அழைத்து வந்து, தட்டை அவள் கையில் வைத்தாள்.

"என் வீட்டு மூத்த மருமக போடுவா."

சங்கவி தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சீக்கிரம் வாங்கக்கா, எவ்வளவு நேரம் கைய நீட்டிக்கினே இருக்கிறது?" என்று சிரித்தாள் கலைப்பிரியா.

முதல் வளையல் ஏறியது. இரண்டாவது ஏறியது. பிறகு கை நிறையக் கலகலத்தது. முதல் அட்சதையைப் போட்டவர் மாமனார். ஆரத்தியையும் சங்கவியே எடுத்தாள். இந்த முறை தட்டைப் பிடுங்க ஒரு கையும் நீளவில்லை.

ஆரத்தி நீரை வாசலில் ஊற்றிவிட்டுத் திரும்பியவள், மாமியாரின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"இதுக்காகவா அத்தை அவங்களை அவ்ளோ தூரம் அனுப்பினீங்க?"

தேவகி அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பின்னே? பாண்டிச்சேரிக்கு அனுப்பியிருந்தா மத்தியானச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்திருப்பாங்களே!"