ஆமையின் கடைசி வழக்கு

"அந்தக் கிளிக்கு மிளகாய் குடுத்துப் பாக்கலாமாங்க?"

கேட்டு முடிப்பதற்குள் மருந்துக்கடைக்காரிக்கே கூச்சமாகப் போய்விட்டது. டாக்டர்கள் கிறுக்கித் தள்ளும் சீட்டை ஒரே பார்வையில் படித்துவிடுகிறவள் அவள். அவள் வாயிலிருந்தா இப்படி ஒரு யோசனை?

சோபாவில் பக்கத்தில் இருந்த அவள் கணவன், ஊரில் பாதி லிஃப்டுகளை ஓடவைக்கிற மெக்கானிக், தாடையைத் தடவிக்கொண்டு, "அதுவும் நல்ல யோசனைதான்" என்றான்.

டிவியில் ஓடிய வீடியோ கேமில், துப்பறியும் ஆமை தன் வழக்கமான வேகத்தில் கிளியை நோக்கிப் புறப்பட்டது. மிளகாயை நீட்டியது. கிளி "ச்சீ" என்றது.

ஆமை அவமானம் தாங்காமல் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. குட்டு வெளிப்பட்டால் ஆமை எப்போதும் அப்படித்தான். மறுபடி தலை வெளியே வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

ஏழாவது பாகம் இது. கடைசிப் பாகம். இதற்கப்புறம் ஆமைக்கு வழக்கு கிடையாது.

முதல் பாகம் வந்தபோது இவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "சாப்டியா", "சாப்டேன்" என்பதைத் தாண்டிப் பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஆமைதான் பேச வைத்தது. கோட்டை வாசல் பூட்டைச் சேர்ந்து திறந்த அன்று, ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆமையை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்கள்.

ஆறு பாகங்களுக்கும் அந்தச் சத்தியம் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் அதை உடைத்தாள். வயிற்றுவலி என்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து, ஒரே மூச்சில் உட்கார்ந்து முடித்துவிட்டாள். பிறகு ஆடிய சுவடே தெரியாமல் அழித்தாள். இத்தனை வருஷம் துப்பறிந்தவளுக்குத் தடயத்தை அழிக்கவா தெரியாது?

மனசைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. விஷயம் தெரிந்தால் அவன் கத்த மாட்டான். பழையபடி "சாப்டியா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதுதான் அவளுக்குப் பயம்.

திரையின் நடுவில் கடைசிப் பெட்டி. கலங்கரை விளக்கத்திலிருந்து திருடுபோன பெரிய விளக்கு அதற்குள் இருக்கிறது. திறக்கும் வழி அவளுக்குத் தெரியும். ஆனால் அவனே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவனுக்கோ இன்று என்ன கேடு வந்ததென்று தெரியவில்லை. போன பாகத்தில் கடிகாரக் கோபுரத்தையே கொட்டாவி விட்டுக்கொண்டு திறந்தவன், இப்போது, "பெட்டிக்குத் தாலாட்டுப் பாடிப் பாக்கலாமா?" என்கிறான்.

பாடினார்கள். ஆமை தலையை இழுத்துக்கொண்டது.

பெட்டிமேல் உப்புத் தூவினார்கள். கிளியை உட்கார வைத்தார்கள். ஆமையைத் தலைகீழாக நிற்க வைத்தார்கள். இந்த மூளையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படி லிஃப்ட் பழுது பார்க்கிறார் என்று அவளுக்குக் கவலையே வந்துவிட்டது.

பின்னால் மேஜையருகே மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பொம்மை ஆட்டத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறவர். மூலை நாற்காலியில் மாமனார். விரித்துப் பிடித்த செய்தித்தாளுக்கு மேலே அவருடைய வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது. குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. ரிமோட்டைத் தலைகீழாகப் பிடிக்கிற மனிதர், பாவம்.

"பெட்டிக்கு ஒரு தடவ முத்தம் குடுத்து..." என்று மெக்கானிக் ஆரம்பித்தான்.

மாமியார் கையிலிருந்த தலையணை உறையை விசிறியடித்தார்.

"அட, அது பூட்டவே இல்லடா! மூடியத் தூக்கித் தொலைங்க! மனுஷி எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கிட்டு இருக்கிறது?"

மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அம்மா! எங்களுக்குத் தெரியாம நீ ஆடி முடிச்சிட்டியா?"

மகன் குரலில்தான் எத்தனை கோபம், எத்தனை நியாயம்! "என்ன அத்தை இது?" என்று மருமகளும் சேர்ந்துகொண்டாள். தன்மேல் சந்தேகம் வராது என்று உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

மூடியைத் தூக்கினார்கள். உள்ளே விளக்கு. பக்கத்தில் ஆமையின் சொந்த மூக்குக்கண்ணாடி. விளக்கை எடுத்து ஒளித்துவிட்டு மறந்துபோனது ஆமையேதான். மெக்கானிக் "ஐயோ!" என்று நெஞ்சில் கை வைத்தான். அவளும் வைத்தாள்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின. செவ்வாயன்று அவள் இந்த இடத்தில்தான் அவசரமாக அணைத்துவிட்டு எழுந்தாள். இன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். பெயர்கள் முடிந்ததும் ஆமை கையசைத்தது. அதன் காலடியில் ஒரு வரி வந்தது.

'நன்றி. இந்த வீட்டில் இந்த வழக்கு முடிவது, இது ஐந்தாவது முறை.'

இன்று ஒன்று. மாமியார் ஒன்று. தான் ஒன்று. அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"புதன்கிழமை" என்றான்.

"செவ்வாய்" என்றாள்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இனி இதை வைத்தே ஒரு வருஷம் பேசலாம், சண்டை போடலாம்.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலுதானேடா ஆகுது?"

மூலையில் குறட்டை நின்றது.

செய்தித்தாளுக்கு மேலே தெரிந்த வழுக்கைத் தலை, மெல்ல, மெல்ல, உள்ளே போனது.