அக்குளில் ஒரு பொருக்கு

ஒன்பதாம் நாள் காலை பெரிய டாக்டர் ஏழு சீடர்கள் சூழ வார்டுக்குள் எழுந்தருளுகிறார். ஜன்னல் வெயில் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிடுகிறது. காய்ச்சலில் நினைவின்றிக் கிடப்பவர் மாட்டுப் பண்ணையில் உண்ணி பிடுங்குகிறவர். எட்டு நாளில் எல்லா இயந்திரங்களும் அவரைப் பார்த்தாயிற்று. கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தது இன்று உடம்பு துடைத்த ஆயாதான். அங்கே மிளகளவில் ஒரு கறுத்த பொருக்கு. டாக்டர் அதைத் தாமே கண்டுபிடித்தவர்போலப் பேனாவால் சுட்டி, “உண்ணிக் காய்ச்சல்!” என்று அறிவிக்கிறார். சீடர்களின் பேனாக்கள் பரபரக்கின்றன. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே போயிருக்கும். இப்ப கிட்னி வரைக்கும் போயிடுச்சு. மருந்து ஏத்துறோம், கண்ணைத் திறக்கிறாரான்னு பார்ப்போம். வீட்ல யாரும் கவனிக்கலையாம்மா?” மனைவி முந்தானை நுனியை முறுக்குகிறாள். “தினமும் பார்ப்பேன் சார். வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழட்டிட்டு உட்காருவாரு. தலை, முதுகு, அக்குள்னு ஒண்ணு விடாம தேடுவேன். ‘மாட்டுக்கு நான், எனக்கு நீ’ம்பாரு. ஒரே ஒரு நாள்தான் சண்டை. ‘உன் உண்ணியை நீயே பிடுங்கிக்க’ன்னு திரும்பிப் படுத்துட்டேன்.” இதை எந்தப் பேனாவும் எழுதிக்கொள்ளவில்லை. ஊர்வலம் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறது. அவள் ஸ்டூலைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்காருகிறாள். கொதிக்கிற அந்தத் தலையில் விரல்களால் முடியை வகிர்ந்து, விட்டுப்போன அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து, வரிவரியாகத் தேடத் தொடங்குகிறாள்.