அவர் வாயால் சொல்லட்டும்

"ஸ்விட்சைப் போடும்மா! சந்தை சரியுது!"

போனில் கத்தியவர் மின்வாரிய இயக்குநர். துணைமின் நிலையத்தின் ஷிஃப்ட் இன்ஜினீயர் ரிசீவரைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் நன்றாகக் கேட்டது.

நேற்று எல்லை தாண்டி வந்த ட்ரோன் ஒன்று ஆற்றங்கரை டவரில் மோதிவிட்டது. தலைநகருக்குப் போகும் பெரிய லைன் அறுந்து தொங்கியது. பாதி நகரத்தில் கரண்ட் இல்லை.

செய்தி வந்த கையோடு பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. மின்சாரக் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, வங்கி எதுவும் தப்பவில்லை. இன்று காலை சந்தை திறந்ததும் இன்னும் விழுந்தது. பெட்ரோல் பங்க்குகளில் ஜனங்கள் கேனும் கையுமாக நின்றார்கள்.

லைனில் கரண்ட் ஓடினால் போதும், பயம் அடங்கிவிடும் என்று மேலிடம் நம்பியது. அது நிஜமாகவும் இருக்கலாம். அவள் அதை மறுக்கவில்லை.

ஆனால் அந்த லைனைச் சரிசெய்ய டவரில் ஏறியிருந்த ஃபோர்மேன், ஏறுவதற்கு முன் அவளிடம் லைன் கிளியர், அதாவது லைனில் கரண்ட் விடமாட்டேன் என்ற உறுதி, வாங்கியிருந்தார்.

லைன் கிளியர் கொடுத்துவிட்டால், வாங்கியவர் தன் வாயால் 'திருப்பித் தருகிறேன்' என்று சொல்லும்வரை ஸ்விட்சைத் தொடக் கூடாது. வேறு யார் சொன்னாலும் செல்லாது. கடவுளே நேரில் வந்து சொன்னாலும் செல்லாது என்பாள் அவள். அந்தப் பிடிவாதத்துக்காகவே ஊழியர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூட்டு'.

கம்பியை இழுத்துக் கட்டியாயிற்று, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், டி.வி.யில் என் கண்ணால் பார்த்தேன் என்றார் இயக்குநர்.

அவளும் பார்த்தாள். அபாயச் சங்கு ஊதியது. ஆட்கள் மளமளவென்று இறங்கிப் பள்ளத்தை நோக்கி ஓடினார்கள். அதோடு கேமரா பங்குச் சந்தைக் கட்டடத்துக்குத் திரும்பி, சிவப்பு எண்களையே காட்டிக்கொண்டிருந்தது. டவர் என்ன ஆனது என்று யாருக்கும் அக்கறை இல்லை.

அவள் எத்தனை முறை கூப்பிட்டும் ஃபோர்மேனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. டவரில் ஏறுகிறவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

"டி.வி.யில பாத்தது போதாது சார். அவர் வாயால சொல்லட்டும்."

இது நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றார் இயக்குநர். ஒவ்வொரு நிமிடமும் நீ எதிரிக்கு உதவி செய்கிறாய் என்றார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நம்ம ஆளைக் கொல்றதுக்குத்தான் எதிரி இருக்கானே சார். அந்த வேலையை நான் எதுக்குச் செய்யணும்?"

இந்த நொடியிலிருந்து நீ வேலையில் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஆபரேட்டரை ஸ்விட்சைப் போடச் சொல் என்று உத்தரவு வந்தது.

ஆபரேட்டர் போன வாரம்தான் மாறுதலில் வந்தவர், ஓய்வுபெறப் போகிறவர். எழுந்து நின்றார். அவள் பேனல் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து ஸ்விட்சுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாட்டில் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அவள் ரிசீவரை வைத்தாள். டி.வி.யை அணைத்தாள். வெளியே வீறாப்பு இருந்ததே தவிர உள்ளுக்குள் உதறல்தான். வேலை போவதைப் பற்றி அல்ல. ஃபோர்மேனின் அந்தக் குரல் இனி வராமலே போய்விட்டால்?

மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஆளுங்க எல்லாம் கீழ. எர்த் கழட்டியாச்சு. லைன் கிளியர் திருப்பித் தரேன்."

மூச்சு வாங்கும் குரல். எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் குரல். பின்னாலிருந்து வேறொருவன் கத்தினான்.

"மேடம், நாங்க ஓடினப்புறம் இவர் மறுபடி ஏறிட்டாரு! பாதுகாப்புக்கு மாட்டின எர்த் சங்கிலி கம்பியிலேயே இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு இப்பத்தான் இறங்கினாரு!"

கொஞ்சம் முன்னால் ஸ்விட்சைப் போட்டிருந்தால்.

விதிப்படி அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். குரல் பிசிறவில்லை. ஃபோர்மேன் போனை வைத்துவிட்டார். அவள் சாவியைத் திருகி ஸ்விட்சைப் போட்டாள். முற்றத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கியது.

ஆபரேட்டர் அதே பாட்டிலோடு திரும்பி வந்து டி.வி.யைப் போட்டார். சிவப்புக்கு நடுவே அங்கங்கே பச்சை தலைகாட்டியது. அமைச்சரின் உறுதியான அறிக்கையால் சந்தை மீண்டு வருகிறதாம்.

இயக்குநரின் போன் மறுபடி அடித்தது.

"எடுக்கலையா மேடம்?"

"அடிக்கட்டும்."

அந்த ஃபோர்மேன் உங்களுக்கு வேண்டியவரா என்று கேட்டார் ஆபரேட்டர்.

"எங்க அண்ணன். நான் என் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டதிலிருந்து என்கிட்டப் பேசறதில்ல."

ஆபரேட்டர் விழித்தார். இப்போதுதானே போனில் பேசினார்?

"லைன் கிளியர் மட்டும் கேப்பார், திருப்பித் தருவார். அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. எங்கப்பா செத்தன்னிக்குக்கூட."

போன் அடித்து ஓய்ந்தது. அவள் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள்.

"அதைக் கேக்கறதுக்கு அவருக்குக் கீழ எத்தனையோ பேர் இருக்காங்க. ஒரு நாள்கூட வேற ஆளை விட்டுக் கேட்டதில்ல."