அம்மோனியாவுக்குப் பதில் தண்ணீர்

“அதை எடுத்துடு அம்மு. தண்ணி போதும்.”

அம்மு மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை. திரையில் அம்மோனியா மூலக்கூறு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. உச்சியில் நீலமாய் ஒரு நைட்ரஜன். அடியில் வெள்ளையாய் மூன்று ஹைட்ரஜன்.

“ஏன் மிஸ்? இதான நல்லா வந்துக்கீது.”

“பிரின்சிபால் வேணாம்னு சொல்லிட்டாங்க.”

சொல்லிவிட்டு ஜானட் மேஜைக்கு அடியில் குனிந்தாள். அங்கே சரிசெய்ய எதுவும் இல்லை. ஒரு கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள்.

வராந்தாவில் நாற்காலிகள் இழுபட்டன. வேதியியல் துறையின் கம்ப்யூட்டர் கூடத்துக்கு இன்று திறப்பு விழா. திறந்துவைக்க ஜெபசிங் வந்துகொண்டிருந்தார். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். அவர் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள்தான் இவை. அடுத்த வருஷம் புதிதாகவே வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

திருவொற்றியூரில் கல்லூரி வாசலில் வந்து இறங்கிய அன்று பெட்டிகளில் மீன் வாடை அடித்தது.

“தொறந்தா நண்டு ஓடும்போல கீது மிஸ்,” என்றான் வெற்றி. அம்முவின் வகுப்புத் தோழன்.

மூன்று பேருமாகப் பிரித்தார்கள். கடல் காற்றில் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மெமரி கார்டுகளின் முனையைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார்கள். உயிர் இருந்த பெட்டிகளையெல்லாம் கேபிளில் கோத்து, எல்லாம் சேர்ந்து ஒரு மூலக்கூறின் வடிவத்துக்கான ஒரே கணக்கைப் போடும்படி செய்தார்கள். இத்தனை வருஷமாய் ஜானட் மூலக்கூறுகளைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்துதான் பாடம் நடத்தியிருந்தாள். முதல் கணக்கு முடிந்து திரையில் உருவம் எழுந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அந்த முதல் கணக்கு அம்முவுடையது. எந்த மூலக்கூறு என்பதை அவளே முடிவு செய்திருந்தாள்.

போன மழைக்காலத்தில் ஜெபசிங்கின் ஐஸ் பேக்டரியில், குளிரூட்டும் அம்மோனியா போகும் குழாய் ஒன்று கசிந்தது. பின்சந்தில் இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அம்முவின் அம்மா மங்கம்மா மட்டும் கூடையை எடுக்கத் திரும்பிப் போனாள். இப்போது அவளால் தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தூக்கி வர முடியவில்லை.

திரையில் முதல் உருவம் எழுந்த அன்று, அணுக்கள் அதிர்வதைக் காட்டும் பொத்தானை அம்மு அழுத்தினாள். மூன்று ஹைட்ரஜனும் குடை விரிந்து மடங்குவதுபோல ஏறி இறங்கின.

“மூச்சு வாங்குற மாதிரி கீது மிஸ்.”

பிறகு திரையில் விரலை வைத்துக் கேட்டாள்.

“இத்துனூண்டுதான் எங்கம்மா நெஞ்சுல பூந்துச்சா?”

விழாவில் அதைக் காட்டுவதாகத்தான் இருந்தது. அம்மாவைக் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தாள்.

இப்போது அதை மூடினாள். தண்ணீரைத் திறந்தாள்.

“அவங்க சொன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க மிஸ்,” என்றாள். ஆறுதல் சொல்வது போலிருந்தது.

ஜெபசிங் பிரின்சிபாலுடன் உள்ளே வந்தார். ரிப்பனை வெட்டினார். அம்முவின் மேஜையருகே நின்று கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“இது நம்ம கேஷியர் பொட்டியில்லா! இதுல அவன் சீட்டு விளையாட்டுதான் ஆடிட்டு கெடப்பான். இப்ப காலேஜுல வந்து படிக்குதே!”

எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் மங்கம்மாவும் சிரித்தாள்.

அம்மு தண்ணீரைச் சுழற்றிக் காட்டினாள். பிணைப்பின் நீளம், கோணம் எல்லாம் திருத்தமாகச் சொன்னாள். ஜெபசிங் கவனமாகக் கேட்டார்.

“தண்ணி நல்லாத்தான் இருக்கு. அம்மோனியா போடலியா டீச்சர்? நம்ம பேக்டரியே அதுலதான ஓடுது.”

“அட, எனக்குத் தோணவே இல்ல பாருங்க!” என்றார் பிரின்சிபால். “போட்டுக் காட்டுங்க ஜானட்.”

அம்மு பிரின்சிபாலைப் பார்த்தாள். பிறகு ஜானட்டைப் பார்த்தாள். கணக்கு தப்பாய் வரும் நாட்களில் எந்த வரியில் பிழை என்று தேடுவாளே, அந்தப் பார்வை.

வேண்டாமென்று யாரும் ஜானட்டிடம் சொல்லியிருக்கவில்லை.

கோப்பு திரையின் ஓரத்திலேயே இருந்தது. திறந்தால் போதும். அம்முவின் விரல் மவுஸின்மேல் காத்திருந்தது.

“அது கொஞ்சம் கஷ்டம் சார்,” என்றாள் ஜானட். “பிள்ளைங்களுக்கு இன்னும் வரல.”

ஜெபசிங் தலையாட்டினார். அம்முவின் பக்கம் குனிந்து கனிவாகக் கேட்டார்.

“அம்மோனியான்னா என்னன்னாவது தெரியுமா பாப்பா?”

அம்மு மவுஸை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“தெரியாது சார்.”