தூக்கப் பாடம்

ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைப்பட்டை கொடுத்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு விடியும்வரை தூங்கினால் போதும், பாடம் மண்டையில் ஏறிவிடும். நடுவில் எழுந்தால் அழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தெருக்குழாயில் தண்ணீர் விடிகாலை நாலு மணிக்குத்தான் வரும். யாழிசை மூன்று வருடமாக அதே பின்னக் கணக்கில் நிற்கிறாள். அவளுக்கு இளையவன் முகிலன் எட்டாம் வகுப்பே முடித்துவிட்டான்.

“பொட்டப்புள்ளைக்கு ஏறல. பட்டையத் திருப்பிக் குடுத்துரலாம்” என்று நேற்று அப்பா சொல்லிவிட்டார்.

இன்று முதல் குடத்தை இறக்கி வைத்த யாழிசை அம்மாவிடம் கெஞ்சினாள். “நாளைக்கு ஒரு நாள் தம்பிய எழுப்பும்மா. நான் அந்த ஒரு பாடத்தையாச்சும் முடிச்சுக்கிறேன்.”

அம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு அடுத்த குடத்தை எடுத்தாள்.

“மெதுவாப் பேசுடி. தம்பி படிக்கிறான்.”